அம்மாவின் பாடையைத் தோளில் தாங்கிய அத்தியட்சர்

இந்த மலரில் என் பெயரில் ஒரு கட்டுரை வரக் கூடாது என்று இரண்டு தரப்பிலிருந்தும் சொல்லி அனுப்பினார்கள். பிஷப் என்று சொல்கிற கிறிஸ்தவ அத்தியட்சர் ஒருவரின் நினைவு மலரில், கிருத்திகைக்குக் கிருத்திகை மலையேறிக் கும்பிடுகிற ஒருத்தி எழுதுவது பொருத்தமாயிராது என்றார்கள் சபையார் சிலர். ஜாதியை விட்டுப் போனவருக்கு மலர் என்ன, கட்டுரை என்ன என்றார்கள் உறவினர் சிலர். இரண்டு கடிதங்களையும் ஒரு முறைக்கு இரண்டு முறை படித்துவிட்டு அடுப்பில் வைத்தேன். அண்ணாவுக்கு மனைவி இல்லை, மக்கள் இல்லை. கூடப் பிறந்தவள் நான் ஒருத்திதான். நான் எழுதாமல் வேறு யார் எழுதுவது?

அண்ணா அவர்கள் வகித்த பதவிகளையும் கட்டிய பள்ளிக்கூடங்களையும் பற்றி முன்பக்கங்களில் பெரியவர்கள் எழுதியிருக்கிறார்கள். அவர்களுக்குத் தெரிந்ததை அவர்கள் எழுதினார்கள். எனக்குத் தெரிந்ததை நான் எழுதுகிறேன். இதில் சிலருக்குக் கசப்பு இருக்கும். அதற்காக ஒரு வரியையும் நான் அடிக்கப் போவதில்லை.

அண்ணா பிறந்தது பொதட்டூர்பேட்டையில், வீட்டுக்கு ஒரு தறி ஓடுகிற தெருவில். எங்கள் நைனா லுங்கியும் துண்டும் நெய்து, திருத்தணிக்குக் கொண்டுவந்து விற்பார். மலைக்கு வருகிற கூட்டத்தை நம்பி, அண்ணாவுக்கு ஆறு வயதாகும்போது தறியைப் பிரித்து வண்டியில் ஏற்றிக்கொண்டு திருத்தணிக்கே வந்துவிட்டார். நான் பிறந்தது இங்கேதான். எனக்கும் அண்ணாவுக்கும் பதினோரு வயது வித்தியாசம். நடுவில் பிறந்த மூன்று குழந்தைகள் தங்கவில்லை.

மகன் தறியில் உட்கார வேண்டாம், ரயில்வேயில் குமாஸ்தாவாக வேண்டும் என்பது நைனாவின் ஆசை. அதற்காக, பக்கத்து ரயில் சந்திப்பு ஊரான அரக்கோணத்தில் மிஷன்காரர்கள் நடத்திய உயர்தரப் பள்ளியில் சேர்த்து, அங்கேயே விடுதியிலும் விட்டார். விடுதியில் அந்தக் காலத்தில் இரண்டு பந்தி. நம்மைப் போன்றவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கூடத்தில் ஒரு பந்தி. சேரியிலிருந்து வந்த பிள்ளைகளுக்குப் பின்கட்டில் ஒரு பந்தி. சமையற்காரரும் சேரியைச் சேர்ந்தவர்தான். அவர் சமைக்கலாம், கூடத்துக்குள் வந்து பரிமாறக் கூடாது. இதைப் பள்ளிக்கூடத்தார் வைத்த சட்டம் என்று சொல்ல மாட்டேன். நம் பெற்றோர்கள் கேட்டு வாங்கிய சட்டம்.

ஒரு வருஷம் விடுதியில் காலரா வந்தது. பெற்றோர்கள் வந்து பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போனார்கள். நைனாவுக்குச் செய்தி வந்து சேரவே பத்து நாளாயிற்று. அந்தப் பத்து நாளும் அண்ணாவைத் தூக்கிக் கழுவியவரும், துணி அலசியவரும், கஞ்சி ஊட்டியவரும் அந்தச் சமையற்காரர்தான். பிழைத்து எழுந்த அன்று அண்ணா தம் தட்டை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போய் உட்கார்ந்தார். பிறகு கூடத்துக்கு அவர் திரும்பவே இல்லை.

அண்ணா ஏன் மதம் மாறினார் என்று ஊரில் ஆளுக்கு ஒரு கதை சொன்னார்கள். உத்தியோகத்துக்காக என்றார்கள், சீமைக்குப் போகலாம் என்பதற்காக என்றார்கள். வெள்ளைக்காரச்சி ஒருத்தியைக் கட்டிக்கொள்வதற்காக என்றுகூடச் சொன்னார்கள். நான் வளர்ந்த பிறகு அவரையே கேட்டேன்.

"அந்த ஆளு எனக்குக் கஞ்சி ஊத்தும்போது ஒரு வார்த்த மதம் பேசல பாப்பா. நீ யாரு, இன்னா ஜாதின்னும் கேக்கல. எதுக்கு இப்படிச் செய்யறேன்னு நான்தான் கேட்டேன். அவரு சொன்ன பேரைத் தேடிகினு போனேன். அவ்ளோதான்" என்றார்.

அவருக்கு இருபது வயதானபோது ஒரு நாள் மத்தியானம் வீட்டுக்கு வந்தார். நான் அப்போது நைனாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நூல் சுற்றிக்கொண்டிருந்தேன். அண்ணா உட்காரவில்லை. நின்றபடியே சொன்னார்.

"நைனா, வர்ற ஞாயித்துக்கெழம நான் ஞானஸ்நானம் வாங்கிக்கப் போறேன். உனக்குத் தெரியாம செய்ய எனக்கு இஷ்டமில்ல. அதான் வந்து சொல்றேன்."

நைனா தறியை நிறுத்தவில்லை. "சொல்லிட்ட இல்ல?" என்றார்.

"ஆங்."

"அப்ப போ."

அந்த ஞாயிற்றுக்கிழமை நைனா நந்தியாற்றுக்குப் போய்த் தலைமுழுகிவிட்டு வந்தார். எனக்கு மகன் இல்லை என்று தெருவில் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். அம்மாவையும் முழுகச் சொன்னார். அம்மா அடுப்பங்கரையை விட்டு எழுந்திருக்கவில்லை. நைனா மூன்று முறை கூப்பிட்டார். மூன்றாம் முறை அம்மா, "எனக்குக் காலு வலிக்குது" என்றாள். அம்மாவுக்கு அன்றைக்குக் கால்வலி ஒன்றும் இல்லை.

அதற்குப் பிறகு அண்ணா சென்னையில் பட்டப்படிப்பு முடித்து, வேதசாஸ்திரம் படித்து, உதவிகுருவாகி, வடக்கே தெலுங்கு கிராமங்களில் பல வருஷம் நடந்தே ஊழியம் செய்தார். எல்லை ஊர்க்காரரானபடியால் தெலுங்கும் தமிழும் அவருக்கு ஒன்றுபோல. கலியாணம் செய்துகொள்ளவில்லை. அம்மா, நூல் வாங்கப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டு மாதம் ஒரு முறை அரக்கோணம் வண்டியில் ஏறிவிடுவாள். மகன் அங்கே வருகிற நாளாகப் பார்த்துத்தான் நூல் தீரும். நைனாவுக்கு இது தெரியும். கடைசிவரை அவர் கேட்கவில்லை.

நைனா இறந்தபோது அண்ணாவுக்குத் தந்தி கொடுத்தோம். வந்தார். பங்காளிகள் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டார்கள். செத்தவரே தலைமுழுகிய பிள்ளை, முகம் பார்க்கவும் பாத்தியமில்லை என்றார்கள். அண்ணா ஆற்றுக்கு அக்கரையில் போய் நின்று, புகை எழும்புகிறதைப் பார்த்துவிட்டு அப்படியே ரயிலேறிப் போனார். எங்கள் சித்தப்பா மகன் கொள்ளி வைத்தான். அன்று அப்படித் தள்ளி நின்றதற்காக அண்ணா தம்மை ஒருநாளும் மன்னித்துக்கொள்ளவில்லை. "நைனா சொன்னாருன்னு நின்னேன்னு நெனச்சேன். இல்ல. பயந்துகினு நின்னேன்" என்று எனக்கு ஒரு கடிதத்தில் எழுதினார்.

உலகப் போர் தொடங்கிய வருஷம் அண்ணா, தாம் படித்த அதே ரயில்வே ஊருக்குக் குருவானவராக வந்தார். அங்கே நடந்த ஒன்றை நான் என் கண்ணால் பார்த்தேன். அம்மா செய்து கொடுத்த அதிரசத்தை எடுத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் போயிருந்தேன். கோயிலில் ஆராதனை நடந்துகொண்டிருந்தது. கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். பக்கத்தில் பாக்கியம் என்று ஒரு வயதான அம்மாள். ரயில் எஞ்சினுக்குக் கரி சுமக்கிறவள். நகத்திலெல்லாம் கரி.

திருவிருந்து நேரத்தில், ஒரே பாத்திரத்திலிருந்து எல்லோரும் திராட்சரசம் பருக வேண்டும். அந்தக் கோயிலில் அதற்கு ஒரு வரிசை இருந்தது. முன்பெஞ்சுப் பெரிய குடும்பங்கள் முதலில் பருகும். கரி சுமக்கிறவர்கள் கடைசியில். ஏட்டில் எழுதாத வரிசை, ஆனால் யாரும் மீறியதில்லை. அன்று அண்ணா பாத்திரத்தைக் கையில் எடுத்துக்கொண்டு பீடத்தை விட்டு இறங்கினார். முன்பெஞ்சைக் கடந்து, நடுப்பாதையில் நடந்து, நாங்கள் உட்கார்ந்திருந்த இடத்துக்கே வந்துவிட்டார்.

"பாக்கியம்மா, இன்னிக்கு நீங்க முதல்ல."

அவள் கரிக்கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள். "நானா சாமி? வேணாங்க. அவுங்க குடிக்கட்டும். நான் எப்பவும் போல வர்றேன்."

"எப்பவும் போல வேணாம். வாங்க."

அவள் மண்டியிட்டுப் பருகினாள். அண்ணா பாத்திரத்தோடு திரும்பியபோது முன்பெஞ்சுகளில் பலர் எழுந்துவிட்டிருந்தார்கள். குடையையும் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு குடும்பம் குடும்பமாக வெளியே போனார்கள். அண்ணா அவர்கள் போய் முடிக்கும்வரை பொறுத்திருந்தார். பிறகு மீந்தவர்களைப் பார்த்து, "அடுத்தவங்க வரலாம்" என்றார்.

போனவர்கள் அப்போதிருந்த வெள்ளைக்கார அத்தியட்சரிடம் முறையிட்டார்கள். அவர் அண்ணாவைக் கூப்பிட்டு, குடும்பம் குடும்பமாகப் போய் மன்னிப்புக் கேட்டு வாரும் என்றார். "ஐயா, அவர்கள் தள்ளியது என் வீட்டு விருந்தை அல்ல. விருந்து யாருடையதோ அவரிடம் அவர்களே பேசிக்கொள்ளட்டும்" என்று சொல்லிவிட்டு அண்ணா வந்துவிட்டார். ஆறு மாதம் முன்பெஞ்சுகள் காலியாகக் கிடந்தன. ஆறு மாதமும் திருவிருந்து கடைசி பெஞ்சிலிருந்துதான் தொடங்கியது. பிறகு ஒவ்வொரு குடும்பமாக வந்தார்கள். வராமலே போனவர்களும் உண்டு. அவர்களுக்காக அவர் வரிசையை மாற்றவில்லை.

அவரைக் கண்டித்த அதே வெள்ளைக்காரர், சில வருஷம் கழித்து வடக்கே தெலுங்கு நாட்டில் ஓர் அத்தியட்சர் பதவி காலியானபோது, முதலாவதாக அண்ணாவின் பெயரைச் சொன்னார். நெசவுக்காரன் மகனா, நேற்று வந்தவனா என்று எதிர்த்தவர்கள் எதிர்த்தார்கள். இருந்தும் பதவி அண்ணாவுக்கே வந்தது.

சென்னையில் ஒரு பெரிய கோயிலில் அவரை அத்தியட்சராக்கும் அபிஷேகம் நடந்தது. நானும், என் வீட்டுக்காரரும், அம்மாவும் போனோம். போர் முடியாத காலம். ரயில் முழுக்கச் சிப்பாய்கள். அம்மா திருத்தணியிலிருந்து நின்றுகொண்டே வந்தாள். நெற்றி நிறைய விபூதி. கோயில் வாசலில் அழைப்புச் சீட்டை வாங்கிப் பார்க்கிறவர் அம்மாவைத் தடுத்தார். அவர் பேச்சில் மரியாதைக்கு ஒன்றும் குறைவில்லை.

"அம்மா, உங்களுக்கு முன்வரிசையில் இடம் போட்டிருக்கு. ஆனா நெத்தியை மட்டும் துடைச்சிட்டு வந்தா நல்லது. நாலு பேர் பார்ப்பாங்க."

அம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "தொடைக்கணும்னா நான் இங்கயே நிக்கறேன் சாமி. எம் புள்ள வெளிய வந்து என்னைப் பாக்கட்டும்."

அப்படியே நின்றாள். இரண்டரை மணி நேரம், வெயிலில். என் வீட்டுக்காரர் உள்ளே போய் ஒரு நாற்காலி கேட்டு வாங்கி வந்தார். அம்மா உட்கார மறுத்துவிட்டாள். எல்லாம் முடிந்து, கையில் கோலும் விரலில் மோதிரமுமாக அண்ணா ஊர்வலத்தின் கடைசியில் வெளியே வந்தார். அம்மா உள்ளே இல்லாததை அவர் கவனித்திருக்க வேண்டும். வாசற்படியில் நின்று தேடினார். கண்டதும் ஊர்வலத்தை விட்டு விலகி, கோலைப் பக்கத்திலிருந்தவர் கையில் கொடுத்துவிட்டு, அம்மாவின் காலைத் தொட்டார். அம்மா தன் நெற்றியிலிருந்து ஒரு விரல் விபூதி எடுத்தவள், ஒரு கணம் யோசித்து, அதை மறுபடி தன் நெற்றியிலேயே வைத்துக்கொண்டாள். வெறுங்கையை அவர் தலையில் வைத்து, "நல்லாரு" என்றாள். அவள் திருநீறு அவளோடு, அவர் சிலுவை அவரோடு. அந்தப் பெரிய மனிதர்களுக்குப் புரியாதது எழுதப் படிக்கத் தெரியாத எங்கள் அம்மாவுக்குப் புரிந்திருந்தது.

இரண்டு வருஷத்துக்குள் அம்மா படுக்கையில் விழுந்தாள். நினைவு தப்புவதற்கு முந்தின நாள் என்னிடம் சொன்னாள்: "என்னைத் தூக்கறப்போ அவன் ஒரு தோளு குடுக்கணும். கொள்ளி யாரு வெச்சா இன்னா, எரியறதுதான்."

அம்மா ஒரு சாயங்காலம் போனாள். அண்ணாவுக்குத் தந்தி போயிற்று. மறுநாள் முற்பகல் வண்டியில் வருவதாகப் பதில் வந்தது. காலையிலேயே சித்தப்பா மகன் புரோகிதரோடு வந்துவிட்டான். என்னைவிட இளையவன். நைனாவுக்குக் கொள்ளி வைத்தவன்.

"அக்கா, காரியம் எல்லாம் நான் பாத்துக்கறேன். ஆனா ஒண்ணு. ரயில்ல வர்றவரு தெருவுக்குள்ள கால் வெக்கக் கூடாது. ஸ்டேஷன்லயே சொல்லித் திருப்பி அனுப்பிடு."

"யாரை?"

"தெரிஞ்சிகினே கேக்கறியே. அந்தப் பாதிரியதான்."

"பாதிரி யாரு தம்பி? அம்மா பெத்தவரா இல்லியா?"

"பெத்தது வாஸ்தவம். பெரியப்பாதான் தலமுழுகிட்டாரே."

"நைனா முழுகினாரு. அம்மா முழுகல."

அவன் வாசலை விட்டு இறங்கினான். தெருமுனையில் பத்துப் பன்னிரண்டு பேரைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டான்.

அண்ணா வந்தார். கூட அவருடைய உபதேசியார் ஒருவர், ஊழியத்தில் உதவியாக இருந்தவர். ஸ்டேஷனிலிருந்து நடந்தே வந்தார்கள். தெருமுனையில் நின்ற கூட்டத்தைக் கண்டதும் அண்ணா செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். நான் வீட்டு வாசலிலிருந்து ஓடினேன்.

"வழி வுடுங்க. எங்கம்மா உள்ள கீறாங்க" என்றார் அண்ணா. இத்தனை வருஷம் மேடையில் பேசிய தமிழெல்லாம் போய், சின்ன வயசுப் பேச்சு அவர் வாயில் வந்துவிட்டது.

சித்தப்பா மகன் முன்னால் வந்தான். "உள்ள வந்தா நான் கொள்ளி வெக்க மாட்டேன். தெருவுல ஒருத்தன் வெக்க மாட்டான். உங்கம்மா அநாதைப் பொணமாப் போவட்டும், பரவால்லியா?"

அண்ணா வாய் திறப்பதற்குள் நான் சொல்லிவிட்டேன். யோசித்துச் சொன்னதல்ல. அந்த ஒரு சொல் என்னைச் சுட்டுவிட்டது.

"யாரும் வெக்க வேணாம். நான் வெக்கறேன்."

"பொம்பள கொள்ளி வெக்கறதா?" என்று நாலைந்து குரல் ஒன்றாக எழுந்தது. புரோகிதர் மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடையைக் கட்டினார்.

அண்ணா அவர்களைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். "பாப்பா, உன்னால முடியுமா?"

"முடியும்."

"அப்ப வை. தூக்கறது என் வேலை. சடங்கு என்னோடது இல்ல, நான் செஞ்சா அது பொய்யாப் பூடும். ஆனா அம்மாவைத் தூக்கறது பொய் இல்ல. நீ வெக்கற வரைக்கும் நான் பக்கத்துல நிக்கறேன்." பிறகு கூட்டத்தைப் பார்த்து, "நைனாவுக்கு அக்கரையில நின்னேன். இன்னிக்கு நிக்க மாட்டேன். அடிக்கறவங்க அடிக்கலாம்" என்று சொல்லிவிட்டு நேரே நடந்தார். யாரும் கை வைக்கவில்லை. ஒருவர் மாற்றி ஒருவராக ஒதுங்கினார்கள்.

பாடைக்கு நாலு தோள் வேண்டும். அண்ணா ஒன்று. என் வீட்டுக்காரர் ஒன்று. உபதேசியார், "ஐயா, மேலிடத்துக்குத் தெரிஞ்சா பெரிய வம்பு வரும்" என்றார். "வரட்டும்" என்றார் அண்ணா. உபதேசியார் அங்கியின் கையை மடித்துக்கொண்டு மூன்றாவது தோள் கொடுத்தார். நாலாவதுக்கு ஆளில்லை. தெரு முழுக்கக் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தது. அப்போது மூன்றாவது வீட்டுக் கதவு திறந்தது. நெசவுக்கார முனுசாமி, வேட்டியை வரிந்து கட்டிக்கொண்டே வந்தார். எங்களோடு அதிகம் பேச்சுவார்த்தை இல்லாதவர். "ஏழு வருஷத்துக்கு முன்னால எம் பொஞ்சாதிக்குப் பிரசவம் பாத்தது இந்தம்மாதான்" என்றார். குனிந்து தூக்கினார்.

நந்தியாற்றங்கரையில் வெட்டியான் சின்னையன் எல்லாம் அடுக்கி வைத்துக் காத்திருந்தார். ஒரு பெண்பிள்ளை கொள்ளிச் சட்டியோடு வருவதைக் கண்டு முதலில் திகைத்தார். பிறகு அவரே சொல்லிக் கொடுத்தார். "கை நடுங்க வுடாதம்மா. தலமாட்டுல வையி. வெச்சிட்டுத் திரும்பிப் பாக்காம போ." நான் வைத்தேன். திரும்பிப் பார்க்காமல்தான் வந்தேன். அண்ணா எனக்கு இடதுபக்கம், ஒரு கை தூரத்தில் நின்றார். கையைக் கட்டியிருந்தார், கண்ணை மூடவில்லை, உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. அவர் யாரிடம் என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

அதற்குக் கிடைத்த கூலியையும் சொல்லிவிடுகிறேன். தெருவில் எங்களோடு கொடுக்கல் வாங்கல் நின்றது. முனுசாமியின் மூத்த மகள் கலியாணத்துக்கு எங்கள் பங்காளிகள் ஒருவரும் போகவில்லை. நான் மலையேறும்போது படியில் ஒருத்தி, கொள்ளி வைத்தவள் சந்நிதிக்கு வரலாமா என்று சத்தமாகக் கேட்டாள். "உன்னைப் பாக்க வரல, அவனைப் பாக்க வந்தேன்" என்று சொல்லிவிட்டு ஏறினேன். அண்ணாவின் பக்கம் இன்னும் பெரிதாயிற்று. இந்து ஈமக்கிரியையில் ஓர் அத்தியட்சர் கலந்துகொண்டார் என்று மேலிடத்துக்கு மனு போனது. வருத்தம் தெரிவித்து எழுதிக் கொடுத்தால் விஷயம் முடிந்துவிடும் என்று நல்ல மனதோடு சிலர் யோசனை சொன்னார்கள். அண்ணா எழுதிக் கொடுத்தார். அதன் நகல் என்னிடம் இருக்கிறது. மூன்றே வரி.

"என் தாயின் பாடையைத் தோளில் தாங்கினேன். அதற்காக நான் வருந்தவில்லை. இதற்குமேல் எழுத என்னிடம் ஒன்றும் இல்லை."

மேலிடம் வெகு நாள் கழித்து மனுவைத் தள்ளிவிட்டது. ஆனால் இரண்டொரு சபைகள் தள்ளவில்லை. ஒரு கிராமத்தில், பிள்ளைகளின் தலையில் கை வைத்து அவர்களைச் சபையில் திடப்படுத்துவதற்காக அண்ணா போனபோது, கோயிலைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு மூப்பர்கள் போய்விட்டார்கள். அண்ணா கோபிக்கவில்லை, திரும்பவும் இல்லை. பூட்டின கதவுக்கு வெளியே படியில் உட்கார்ந்துகொண்டார். காலையிலிருந்து உச்சி திரும்பும்வரை உட்கார்ந்திருந்தார். முதலில் ஒரு தாய் தன் பெண்ணைக் கைப்பிடித்து அழைத்து வந்தாள். அவளைப் பார்த்து இன்னொருத்தி வந்தாள். கடைசியில் எல்லாப் பிள்ளைகளையும் வெட்டவெளியிலேயே மண்டியிடச் செய்து கை வைத்தார். சாவி வந்தபோது வேலை முடிந்திருந்தது.

நாடு விடுதலை பெற்ற வருஷத்துக்கு அடுத்த வருஷம் அண்ணாவுக்குச் சிறுநீரகம் கெட்டுவிட்டது. பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, செய்வதற்கு ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார்கள். அத்தியட்சர் மாளிகையில் பன்னிரண்டு அறை இருந்தது, பணிவிடைக்கு ஆள் இருந்தது. அண்ணா திருத்தணிக்கு ரயிலேறி என் வீட்டுக்கு வந்தார். ஓர் அத்தியட்சர் விக்கிரக ஆராதனைக்காரர் வீட்டில் கிடந்து சாவதா என்று கேட்க இரண்டு பெரியவர்கள் வந்தார்கள்.

"இது என் தங்கச்சி வூடு" என்றார் அண்ணா. "வேற பேரு அதுக்கு இல்ல. காபி குடிச்சிட்டுப் போங்க."

நாற்பத்தொரு நாள் இருந்தார். பின்னறையில் என் முருகன் படம் மாட்டியிருந்தது. அதை வேறு அறைக்கு மாற்றட்டுமா என்று கேட்டேன். "அவரும் இருக்கட்டும், நான்தான் விருந்தாளி" என்றார். என் வீட்டுக்காரர் தினமும் அவரைக் குளிப்பாட்டி, சவரம் செய்துவிடுவார். "பாவா, இன்னிக்கு மீசை வெக்கட்டுமா?" என்று கேலி செய்வார். "வை மாப்பிள்ள, மேல போனா அடையாளம் தெரியாம திண்டாடட்டும்" என்பார் அண்ணா. வலி கடுமையான நாட்களிலும் அந்தச் சிரிப்பு இருந்தது. ஒரே ஒரு நாள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "நான் வந்த வழி சரிதான் பாப்பா. அதுல சந்தேகமில்ல. ஆனா நைனா ஒரு தடவ என் பேரச் சொல்லிக் கூப்டிருக்கலாம்" என்றார்.

சாகும் இடத்திலேயே தம்மைப் புதைக்க வேண்டும் என்று அவர் கைப்பட எழுதி வைத்திருந்தார். இருந்தும், அவர் போனதும் சபைப் பெரியவர்கள் உடலை வடக்கே கொண்டுபோய்ப் பெரிய கோயிலுக்குள் வைத்து மார்பிள் பதிக்க வேண்டும் என்று ரயில் பெட்டியே ஏற்பாடு செய்துவிட்டார்கள். நான் அந்தக் காகிதத்தைக் காட்டினேன். இதெல்லாம் ஒரு பெண்பிள்ளை முடிவு செய்கிற விஷயமல்ல என்றார்கள். "முடிவு செஞ்சவரு இதோ படுத்துகினு கீறாரு. அவரையே கேளுங்க" என்றேன். ரயில் பெட்டி காலியாகத் திரும்பியது. இருப்புப் பாதைக்கு அப்பால் இருக்கிற சிறிய கல்லறைத் தோட்டத்தில், கரி சுமந்தவர்களுக்கும் தண்டவாளம் போட்ட கேங் கூலிகளுக்கும் நடுவில் அண்ணா படுத்திருக்கிறார்.

அடக்கத்தன்று சித்தப்பா மகன் வந்தான். உள்ளே வரவில்லை. கல்லறைத் தோட்டத்தின் கதவருகே நின்றுகொண்டிருந்தான். உள்ளே வந்தால் தீட்டு என்று பயம். வராமல் வீட்டில் இருக்கவும் முடியவில்லை போலும். நான் போய் அவன் எதிரில் நின்றேன்.

"வர்றதுன்னா உள்ள வா. இல்லன்னா வூட்டுக்குப் போ. வாசல்ல நிக்காத."

அவன் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தான். பிறகு உள்ளே வந்து ஒரு கை மண் அள்ளிப் போட்டான். இதற்காக அவனை நான் மன்னித்துவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். மண் போட்டதை மட்டும் எழுதுகிறேன்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் சிலர். நாலாவது தோள் கொடுத்த முனுசாமிக்கும், அதற்காக அவரோடு சேர்ந்து ஒதுக்கிவைக்கப்பட்ட அவர் குடும்பத்துக்கும். வேலை போகும் என்று தெரிந்தும் அங்கியை மடித்துக்கொண்ட உபதேசியாருக்கும். ஒரு பெண்ணின் கையில் கொள்ளி கொடுக்கத் தயங்காத சின்னையனுக்கும். நாற்பத்தொரு நாளும் முகம் சுளிக்காமல் வந்து ஊசி போட்ட தெலுங்கு நர்ஸம்மாவுக்கும். அடக்கத்தன்று எழுபது வயதில் ரயிலேறி வந்து, பெட்டியின் தலைமாட்டில் நின்ற பாக்கியம்மாவுக்கும். என் அண்ணனைத் தன் அண்ணனாகப் பார்த்துக்கொண்ட என் வீட்டுக்காரருக்கும். இவர்களுக்கு நான் செய்யக்கூடியது எதுவும் இல்லை. செய்ததை அச்சில் போடுகிறேன்.

இன்று முதல் வருஷ நினைவு நாள். இந்த மலரை உங்கள் கையில் கொடுக்கும்போது கோயிலில் ஜெபம் முடிந்திருக்கும். அங்கிருந்து நேரே மலையடிவாரத்தில் இருக்கிற எங்கள் வீட்டுக்கு வாருங்கள். மத்தியானச் சாப்பாடு எல்லோருக்கும் உண்டு. சபையார், உறவினர், தெருக்காரர், கல்லறை தோண்டினவர், எல்லோருக்கும் ஒரே பந்திதான். வந்த வரிசையில் உட்கார வேண்டும். வேறு பந்தி கேட்கிறவர்கள் வர வேண்டாம்.